காப்புக் கட்டிய மெத்தை

அல்லிக்குளத்து வேப்பமரத்தில் வரிச்சி என்றோர் அணில் இருந்தாள். கருப்பாறைக் குன்றின் மேல் இருவாச்சிப் பறவை நடத்தும் விதைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் குளத்தங்கரையிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் அணில் அவள்தான். அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. நேராக ஓட வேண்டிய கிளையில்கூட இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஓடினாள்.

குன்றின் மேல் ஆடிச் சாரல் விடாமல் அடிக்கும். அதனால் கல்லூரியில் கறாரான விதி ஒன்று உண்டு. படுக்கை இல்லாதவர்கள் சாரல் தொடங்குமுன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். படிப்பு அந்த வருஷத்தோடு சரி. குளிரில் விறைத்த பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மலையிறங்க இருவாச்சிக்கு இறக்கையில் தெம்பில்லை.

வரிச்சியின் அம்மா கோடை முழுக்க இலவங்காய் உடைத்து மெத்தை ஒன்று தைத்திருந்தாள். அதை மகளின் முதுகில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "இதைத் தொலைச்சா இந்த வருஷம் இன்னொண்ணு தைக்கப் பஞ்சு கிடையாது. போற வழியில ஆமையார்கிட்ட காப்பு எடுத்துக்கிட்டுப் போ."

ஆமையார் குளக்கரையில் பொதுக் குதிர் ஒன்று வைத்திருந்தார். வெளியூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மடி தானியமோ பஞ்சோ வைக்கோலோ அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யாருடைய பொருளாவது வெள்ளத்தில் போனாலோ களவு போனாலோ வேறு வகையில் சேதமானாலோ, அந்தக் குதிரிலிருந்து எடுத்து ஈடு கொடுப்பார். அதற்குத்தான் காப்பு என்று பெயர். எடுத்தவர்களின் மணிக்கட்டில் அடையாளத்துக்குத் தர்ப்பைப் புல்லை முடிந்துவிடுவார்.

"என்ன கொண்டு போறே?" என்று கேட்டார் ஆமையார்.

"மெத்தை ஒண்ணு, சிரட்டை ஒண்ணு. சீக்கிரம் கட்டுங்க மாமா, வெயில் ஏறுது."

"கையை ஆட்டாதே. விதி ரெண்டு இருக்கு, கேட்டுக்கோ. வெளியே போறப்ப பொந்து வாசலைக் கல்லு வச்சு அடைக்கணும். அடுத்தது, பொருள் போச்சுன்னா நான் நேர்ல வந்து..."

மீதி வரிச்சியின் காதில் விழவில்லை. அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன! குளத்தை அடுத்த ஊரில் வருஷா வருஷம் ஆடியில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவதை அவள் மரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். காப்புக் கட்டியவர்கள் தீக்குழியில் நடந்து போவார்கள். பாதத்தில் ஒரு கொப்புளம் இருக்காது. நெருப்பே கிட்ட வராத இடத்தில் திருடன் எப்படி வருவான்?

"மெத்தைக்கும் ஒண்ணு கட்டிருங்க மாமா."

"மெத்தைக்கு எதுக்கு? உனக்குக் கட்டினாலே அதுக்கும் சேர்த்துத்தான்."

வரிச்சிக்கு மனசு ஆறவில்லை. தானே புல்லைப் பறித்து மெத்தையின் மூலையில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினாள். அப்புறம்தான் மலையேறினாள்.

கல்லூரியில் ஒரு மருதமரத்தடிப் பொந்து கிடைத்தது. கூடத் தங்கியவள் குருணை என்கிற வெள்ளெலி. அவள் கையிலும் காப்பு இருந்தது. ஆனாலும் வகுப்புக்குப் புறப்படும்போதெல்லாம் தன்னைவிடப் பெரிய கல்லை உருட்டி வந்து வாசலை அடைப்பாள்.

"ஏன்டி, கையிலதான் காப்பு இருக்கே. அப்புறம் எதுக்குக் கல்லோட மாரடிக்கிறே?" என்று வரிச்சி சிரித்தாள்.

"ஆமையார் சொன்னாரே."

"அவருக்கென்ன, கதவை முதுகுல வச்சுக்கிட்டே பொறந்தவரு."

ஒரு நாள் குருணை முன்னதாகவே வகுப்புக்குப் போய்விட்டாள். கடைசியாகக் கிளம்பிய வரிச்சி கல்லைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். வாலை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மாலையில் வந்து பார்த்தால் சிரட்டை இருந்தது. குருணையின் வைக்கோல் இருந்தது. மெத்தையைக் காணோம்.

வாசலிலிருந்து பலாமரம் வரைக்கும் பஞ்சு இழை இழையாகச் சிந்தியிருந்தது. மரத்தின் மேலே தாவன் என்ற குரங்கு மெத்தையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"அண்ணே, அது என் மெத்தை!"

"வாசல் திறந்து கிடந்துச்சு. உள்ளே வாங்கன்னு கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு பாப்பா, வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் தாவன் புரண்டு படுத்தது.

மேற்கே வானம் கறுத்திருந்தது. மூன்று நாளில் சாரல் இறங்கிவிடும். விடிந்ததும் வரிச்சி குளத்துக்கு ஓடினாள்.

அங்கே ஆமையார் ஒரு கௌதாரிக்கு வைக்கோல் அளந்துகொண்டிருந்தார். கிளை முறிந்து விழுந்து கௌதாரியின் படுக்கை நாசமாகியிருந்தது. வாசல் ஒழுங்காக அடைத்திருந்ததை ஆமையார் ஏற்கெனவே நேரில் போய்ப் பார்த்திருந்ததால் பேச்சே இல்லாமல் ஈடு கிடைத்தது.

"மாமா, உங்க காப்பு சரியில்லை. குரங்கு மெத்தையைத் தூக்கிட்டுப் போயிருச்சு," என்றாள் வரிச்சி.

"வாசலை அடைச்சிருந்தியா?"

"காப்புக் கட்டியிருந்துச்சே."

"அதைக் கேட்கலை."

வரிச்சி வால் நுனியைத் தடவினாள். "அடைக்கலை."

"அப்போ குதிர் தராது."

"பின்னே இதை எதுக்குக் கையில கட்டினீங்க?"

"நீ குதிர்ல சேர்ந்த ஆளுங்கறதுக்கு அடையாளம். நீ என்ன நினைச்சே? குரங்கு வந்தா புல்லு எந்திரிச்சுப் போய்க் கடிக்கும்னா?"

கௌதாரி இறக்கைக்குள் அலகை விட்டுக்கொண்டு சிரித்தது.

ஆமையார் குதிரின் வாயை மூடினார். "நேர்ல வந்து பார்க்கணும்கிறது ரெண்டாவது விதி. இதோ கிளம்பிட்டேன். வந்து பார்த்தாலும் பதில் இதுதான், சொல்லிட்டேன்."

"எப்ப வந்து சேருவீங்க?"

ஆமையார் ஒரு காலை எடுத்து வைத்தார். மலையை அண்ணாந்து பார்த்தார். "சாரல் முடியறதுக்குள்ள வந்துருவேன்."

வரிச்சி அழுதுகொண்டே மலையேறினாள். அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? கோடை முழுக்க இலவங்காய் உடைத்து அம்மாவின் பல்லே மழுங்கிப்போயிருந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது காப்பு மூக்கில் உரசியது. உடனே ஊர்த் திருவிழாவில் பார்த்த இன்னொரு சங்கதி ஞாபகம் வந்தது. வரிச்சி அழுகையை நிறுத்தினாள். நேரே பலாமரத்துக்குப் போனாள்.

"மெத்தையா? தர மாட்டேன்," என்றது தாவன்.

"கேட்க வரலைண்ணே. உங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். பாவம் நீங்க."

தாவன் எழுந்து உட்கார்ந்தது. "நான் ஏன் பாவம்?"

"மெத்தை மூலையைப் பாருங்க."

"புல்லு."

"காப்புண்ணே. மூணு முடிச்சு. கீழே ஊர்ல காப்புக் கட்டிட்டா தமுக்கடிச்சு என்ன சொல்வாங்க?"

அந்தக் கோயிலில் எத்தனையோ வாழைப்பழம் திருடியது தாவன். அதற்குத் தெரியாதா? தலையைச் சொறிந்தது. "யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதும்பாங்க."

"அதேதான். காப்பு உங்க மரத்துக்கு வந்தாச்சு. இனிமே நீங்க ஓடையைத் தாண்டக் கூடாது."

ஓடைதான் குன்றின் எல்லை. ஓடைக்கு அக்கரையில் நாவல் மரங்கள் வரிசையாகப் பழுத்து நின்றன. தாவனின் நாக்கு நேற்றுத் தின்ற பழத்தில் இன்னும் ஊதாவாகவே இருந்தது.

"எத்தனை நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டது.

"ஆமையார் வந்து பார்க்கிற வரைக்கும்."

"எப்ப வருவாரு?"

"இன்னைக்குக் காலையிலதான் கிளம்பியிருக்காரு."

தாவன் மலையடிவாரத்தைப் பார்த்தது. நாவல் மரங்களைப் பார்த்தது. ஒரு மைனாக் கூட்டம் கத்திக்கொண்டே அக்கரைக்குப் பறந்தது. அடுத்த நொடி மெத்தை வரிச்சியின் தலைமேல் வந்து விழுந்தது.

"எடுத்துட்டுப் போ. ஒரே பூச்சி. ராத்திரி பூரா தூக்கமில்லை," என்று சொல்லிக்கொண்டே தாவன் ஓடையை ஒரே தாண்டாகத் தாண்டியது.

சொன்ன கணக்குக்குச் சாரல் இறங்கியது. மறுநாள் வகுப்புக்குப் புறப்படும்போது வரிச்சி கல்லுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தாள்.

"காப்பு இருக்கேடி, எதுக்கு மாரடிக்கிறே?" என்றாள் குருணை.

"தள்ளுடி பேசாம."

சாரல் ஓய்ந்த அன்று, உள்ளே இருக்கும்போதும் அடைத்தே வைத்திருந்த பொந்தின் கல்லை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

"குதிர்க்கார ஆமை. மெத்தை காணோம்னு சொன்னியே, பார்க்க வந்திருக்கேன்." குரலில் ஏக மூச்சிரைப்பு.

"அது அன்னைக்கே கிடைச்சிருச்சு மாமா. அதுமேலதான் படுத்திருக்கேன்."

ஆமையார் கல்லின் ஓரமாக நகர்ந்து, இடுக்கு ஏதும் இருக்கிறதா என்று நகத்தால் நோண்டிப் பார்த்தார். "வாசல் அடைச்சிருக்கு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு மலையிறங்கத் தொடங்கினார்.

காப்பு கையில் இருந்தாலும், வாசலை அடைக்க வேண்டியது அந்தக் கைதான்.