அறுநூறு குஞ்சுக்கு அனுமதி கொடுத்த கதை

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் குஞ்சு பொரிக்கிற பெட்டி புதிதாக வந்திறங்கியது. கம்ப்யூட்டர் ஒயரை அதில் சொருகினால் போதும், திரையில் ‘வெப்பம்’ என்று ஒரு ஃபைல் தானாக வந்து நிற்கும். அன்றன்றைக்கு உண்டான எண்ணை அதில் எழுதினால் பெட்டி அந்தச் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். எழுதாவிட்டால் உள்ளே இருக்கிற அறுநூறும் கூமுட்டை.

எழுதுகிற பொறுப்பு செங்கோடனுக்கு. மேற்பார்வைக்கு நாச்சிமுத்து அண்ணன், கூடமாட ஒத்தாசைக்குக் காளியப்பன். மூன்று பேரும் நன்றாக யோசித்துத்தான் எதையும் செய்வார்கள், கஷ்டமே அதுதான். “குஞ்சு வரலைன்னா வேலை கிடையாது” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வேலை போனால் செங்கோடனுக்கு நிச்சயமான கல்யாணமும் போகும். பெண்வீட்டார் ‘கம்ப்யூட்டர் மாப்பிள்ளை’ என்றுதான் தலையாட்டியிருந்தார்கள்.

முதல் நாளே ஃபைல் முரண்டு பிடித்தது. படிக்கலாமாம், எழுத அனுமதி இல்லையாம். கோயம்புத்தூரில் இருந்த எஞ்சினியர் பர்வீனுக்குப் போன் போட்டார்கள். அவள் அங்கிருந்தபடியே சரிசெய்துவிட்டு, “அனுமதி கொடுத்தாச்சுங்க. பத்திரமா பாத்துக்குங்க” என்றாள்.

பத்திரம் என்றால் பத்திரம்தானே? செங்கோடன் எண்ணை எழுதி முடித்ததும், நாச்சிமுத்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் சொருகிப் பார்த்தால், மறுபடியும் அனுமதி இல்லை!

“பூட்டு பூட்டினபடியே இருக்குது. அனுமதி மட்டும் எப்படிப் போச்சு?” என்றார் நாச்சிமுத்து.

“ஒயரை இறுக்கிச் சுருட்டினீங்கல்லங்கண்ணா, பிதுங்கி வெளிய வந்திருக்கும்” என்றான் காளியப்பன்.

மூவரும் பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார்கள். ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் பர்வீன் தலையில் அடித்துக்கொண்டாள். போனிலேயே சத்தம் கேட்டது. “ஏனுங்க, ஒயரைப் பிடுங்கினா அந்த ஃபைல் செத்துப்போகும். சொருகினா புதுசா ஒண்ணு பொறக்கும். பழசுக்குக் கொடுத்த அனுமதி புதுசுக்கு வராது. பொறக்கறப்பவே அனுமதி கிடைக்கற மாதிரி ஒரு விதி எழுதி வெச்சுடறேன்.”

“நீ நல்லா இருக்கோணும் அம்மிணி” என்றார் நாச்சிமுத்து. ‘செத்துப்போகும்’ என்றதைக் கேட்ட காளியப்பன் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தான்.

விதி பிரமாதமாக வேலை செய்தது. செங்கோடன் நாள் தவறாமல் எழுதினான். இருபத்தோராம் நாள் காலையில் முதல் முட்டை விரிசல் விட்டது, அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

நாச்சிமுத்துவின் முகம்தான் சுருங்கியது. “மாப்ளே, இதுவும் புதுசாத்தானே பொறக்குது? இதுக்கு யாரு அனுமதி கொடுத்தா?”

செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயையோ! அனுமதி இல்லாத குஞ்சை மொதலாளி பாக்கத்தானுங்கண்ணா முடியும், தொட முடியாதே!”

“அதுதான். பொறக்கறப்பவே கொடுத்துடோணும்.”

முட்டையை விட்டுத் தலை நீட்டியதும் செங்கோடன் குஞ்சைக் கையில் ஏந்தி, “படிக்கலாம், எழுதலாம்” என்று காதில் சொன்னான். குஞ்சுக்குக் காது எங்கே என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பெட்டி பூராவும் சடசடவென்று ஓடு உடைய ஆரம்பித்தது. ஒரு ஆள் எத்தனைக்குத்தான் சொல்லுவான்? காளியப்பன் ஓடிப்போய் டேப் வாங்கி வந்து, விரிசல் விட்ட முட்டைக்கெல்லாம் ஒட்டுப் போட்டான்.

மத்தியானம் முதலாளி வேனோடு வந்தார். “எங்கடா குஞ்சு?”

“சத்தம் போடாதீங்க மொதலாளி. நாப்பத்திரண்டுக்கு அனுமதி கொடுத்தாச்சு. மிச்சமெல்லாம் உள்ளயே வரிசையில இருக்குதுங்க” என்றான் செங்கோடன்.

முதலாளி வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. மூடினார், மறுபடியும் திறந்தார். வேலையும் கல்யாணமும் அந்த வாயிலிருந்து வரப்போகிற சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன, சொல்தான் வரவில்லை.

செங்கோடனுக்கு மனசு இளகிவிட்டது. அடப்பாவமே, இந்த மனுசன் பிறந்தப்போ பக்கத்தில் யாருமே இல்லை போலிருக்கிறது! கிட்டப் போய் அவர் காதோரம் குனிந்தான்.

“படிக்கலாம், எழுதலாம். நீங்க மொதலாளிங்கிறதால, பேசவும் செய்யலாமுங்க.”