பச்சைத் தலைப்பாகை காட்டிய அரண்மனை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். எதையும் இலவசமாகக் கொடுப்பவரை உடனே நம்பிவிடுவது அவருடைய சுபாவம்.

அவருடைய அவையில் குபேரதாசர் என்றொரு பிரபு இருந்தார். தலைநகரின் தெருமுனைதோறும் பச்சைத் தலைப்பாகை கட்டிய வழிகாட்டி ஒருவரை அவர் நிறுத்தினார். நல்ல வளையல் எங்கே, கைராசியான வைத்தியர் யார் என்று எதைக் கேட்டாலும் வழிகாட்டி சொல்வார். கூடவே நடந்துவந்து வாசலில் விட்டும் போவார். கூலி கிடையாது. இரண்டே ஆண்டுகளில், அடுத்த தெருவுக்குப் போகவும் பச்சைத் தலைப்பாகையைத் தேடும்படி ஊர் ஆகிவிட்டது.

அமைச்சர் அறவாழிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் செக்காட்டி எண்ணெய் விற்கும் நல்லம்மை அவரிடம் வந்தாள். குபேரதாசருக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரை மட்டுமே வழிகாட்டிகள் சொல்கிறார்கள் என்றாள். தான் மறுத்துவிட்டதால் மூன்று மாதமாக எறும்பைத் தவிர யாரும் கடைக்கு வரவில்லை, இனி செக்கை விற்க வேண்டியதுதான் என்றாள்.

அமைச்சர் இதை அவையில் வைத்தார். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்று குபேரதாசர் சிரித்தார். அமைச்சருக்குப் பொறாமை என்று அரசர் முடிவுகட்டினார்.

"எண்ணெய்க்காரியை விடும். இதனால் எனக்கு என்ன தீங்கு என்று காட்டும். முடியாவிட்டால் உம்முடைய ஆசனம் குபேரதாசருக்கு."

"அப்படியானால் அரசே, நாளைக் காலை மாறுவேடத்தில் போய் ஒரே கேள்வி கேளுங்கள். அரண்மனைக்கு வழி எது என்று."

மறுநாள் அரசர் உழவராகவும் அமைச்சர் அவருடைய வேலையாளாகவும் ஊர்க்கோடியில் போய் நின்றார்கள். வழிகாட்டி பணிவாகச் சொன்னார்:

"முதல்தரமான அரண்மனை குபேரதாசருடையது ஐயா. அடுத்தது அவருடைய மருமகனுடையது."

"நான் கேட்பது அரசருடையதை."

"அப்படியும் ஒன்று எங்கோ இருப்பதாகக் கேள்வி. ஆனால் அரசரைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் மருமகன் மாளிகையைத்தான் விரும்பினார்கள். அரசருக்கும் வயதாகிவிட்டது. நரைக்கு மை எங்கே என்று அரண்மனைப் பணிப்பெண் மாதம் இருமுறை கேட்டுப் போகிறாளே."

அரசரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

அவர் வழியில் போனவர்களைக் கேட்டார். எல்லோரும் பச்சைத் தலைப்பாகையையே கைகாட்டினார்கள். திரைபோட்ட பல்லக்கிலேயே ஊரைச் சுற்றியவருக்குத் தம் வீட்டுக்குப் போகத் தெரியவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. அமைச்சரோ, வேலையாள் வாய்திறக்கக் கூடாது என்று அரசரே இட்ட கட்டளையை நினைவூட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

கடைசியில் ஓர் எண்ணெய்க்கடை வாசலில் போய் நின்றார்கள். வழி தெரிந்தவள் அங்கிருந்த நல்லம்மை ஒருத்திதான். யாரும் வராத கடைக்குப் பூட்டு எதற்கு என்று அப்படியே போட்டுவிட்டு, அரசரைக் கோட்டைவாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. இனி அந்தந்தத் தெருவாரே தங்கள் வழிகாட்டியைத் தேர்ந்து சோறுபோட வேண்டும். வழிகாட்டி யாரிடமும் காணிக்கை வாங்கக் கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவரிடம் சொல்லவும் கூடாது. அமைச்சரின் ஆசனம் அமைச்சருக்கே. குபேரதாசர் மட்டும் ஒரு மாதம் கடைவீதி முனையில் தலைப்பாகை இல்லாமல் நின்று, கேட்பவர்க்கெல்லாம் உண்மையான வழி சொல்ல வேண்டும்.

முதல்நாளே ஒருவர் வந்து, நல்ல நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். குபேரதாசர் இடமும் வலமும் பார்த்தார். அவருக்கும் எதுவும் தெரியாது. இத்தனை நாளும் அவரும் வழிகாட்டியைத்தான் கேட்டு வந்திருக்கிறார். வேறு வழியின்றி, பக்கத்தில் கீரை விற்றவளிடம் குனிந்து, "அம்மா, நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும்?" என்றார்.

அவள் நல்லம்மையின் கடையைச் சொன்னாள். அதோடு விடாமல், குபேரதாசர் என்ற ஒருவர் நல்லம்மையைப் படுத்திய பாட்டையும் ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.