அரை மூட்டைச் சுண்ணாம்பு

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக. ஆனால் இப்போதே எடுத்துக் கொடுத்துவிட மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

இதில் மூன்று குரல்கள். குருவின் குரல் தாழ்ந்தது. ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வராது. மாசிலாமணியின் குரல் தயங்கித் தயங்கி வரும். திருமூர்த்தியின் குரல் மூக்கால் வரும். அவன் பேசும் இடங்களில் மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்தால் நல்லது.

குருவின் பெயர் அருக்காணி. எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப்போட்டு, புதுச் செப்புக் கம்பி கட்டுவது அவர் தொழில்.

சீடர்கள் இரண்டு பேரும் அவரைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையவர்கள். வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு அவரிடம் வந்து கம்பி சுற்றப் பழகினார்கள்.

சித்திரை பிறந்ததும் குரு சொன்னார்.

"கத்துக்கிட்டது போதும். ஆளுக்கொரு பட்டறை போடுங்க."

இருவருக்கும் ஊருக்கு வெளியே, டவுன் ரோட்டோரம் நிலம். பக்கத்துப் பக்கத்து நிலம். டவுனிலிருந்து வந்தால் முதலில் திருமூர்த்தியின் இடம் வரும். அதற்குக் கிழக்கே ஒட்டினாற்போல மாசிலாமணியின் இடம்.

எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று மேற்கேயிருந்து வரும். ஆளையே தள்ளும். மண்ணை வாரிக்கொண்டு வரும். கம்பி கட்டும்போது ஒரு சிட்டிகை மண் உள்ளே போனாலும் போதும், மோட்டார் மறுபடி எரியும். கட்டியவன் பெயரும் சேர்ந்து எரியும். ஆடிக்குள் காற்றுக்கு மறைவாக ஒரு பட்டறை இல்லையென்றால் தொழிலே இல்லை.

முதலில் குருவிடம் வந்தவன் மாசிலாமணி.

"அக்கா, கையில பெருசா ஒண்ணும் இல்லீங்க. இருபது பழைய தகரம் இருக்குது. கொஞ்சம் இரும்புப் பைப் இருக்குது. காத்துக்கு ஒரு சுவர் வேணும், அதுக்குத்தான் வழியில்லீங்க."

குரு எழுந்து உள்ளே போனார். ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து பாதியை வேறொரு சாக்கில் கொட்டினார். ஒரு பாதியை அவனிடம் நீட்டினார்.

"எல்லையோரம், உன் பக்கத்துல கோடு போடு. காத்து எந்த உயரத்துல வருதுன்னு பாரு. அப்புறம் பொறு."

"எது வரைக்கும் பொறுக்கணுங்க?"

குரு மீதிப் பாதியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் எல்லையோரம் ஒரு வெள்ளைக் கோடு. இழுத்துப் பிடித்த நூல் மாதிரி நேராக.

திருமூர்த்தி அதைப் பார்த்தான்.

அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. நாலு சுவருக்கும் கணக்காக ஹாலோ பிளாக் கல் இறக்கி வைத்திருந்தான். மணல் இருந்தது, சிமெண்ட் இருந்தது. ஆரம்பித்தால் இருபது நாளில் பட்டறை. ஆரம்பிக்கவில்லை. நேராகக் குருவிடம் போனான்.

"அக்கா, அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"அரை மூட்டை சுண்ணாம்பு."

"சுண்ணாம்புங்களா?"

"சுண்ணாம்பு."

"வெறும் சுண்ணாம்புங்களா?"

"வெறும் சுண்ணாம்பு."

திருமூர்த்தி சிரித்தான். அவன் சிரிப்பும் மூக்கால்தான். காற்று இழுத்த பம்பு செட் மாதிரி, குர்ர் குர்ர் என்று வரும்.

"என்னைப் பாத்தா பச்சக் குழந்தை மாதிரி தெரியுதுங்களா?"

"நீ இன்னும் பட்டறை கட்டலியா?"

"கட்டணுங்க. அதுக்கு முந்தி அவன் என்ன கட்டறான்னு தெரியணுமில்லீங்க."

(இது அந்தச் சிரிப்பு இல்லை. நான் சொன்னது வேறு.)

மாசிலாமணி கோட்டின் நடுவில் ஒரு மூங்கிலை நட்டான். அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். துணி கிழக்கே பார்த்துப் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

மாசிலாமணி வேலை செய்தால் திருமூர்த்திக்கு நாக்கு கசக்கும். சும்மா நின்றால் இன்னும் கசக்கும். கோட்டைப் போட்டுவிட்டு ஒருத்தன் சும்மா நிற்கிறானே, எதை நம்பி நிற்கிறான்?

மூங்கிலைப் பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்துகொண்டான். அதுதான் கட்டிடத்தின் உயரம். அந்த உயரத்துக்கு ஒன்று எழும்பினால், டவுனிலிருந்து வருகிறவன் கண்ணில் முதலில் படுவது எது?

அன்று மதியமே எல்லையில், தன் பக்கமாக, அஸ்திவாரம் தோண்டினான். மாசிலாமணியின் இடம் ரோட்டிலிருந்து தெரியவே கூடாது. அப்படி ஒரு சுவர்.

கல் ஏறத் தொடங்கியதும் மாசிலாமணி ஓடிவந்தான்.

"அண்ணா, நானும் கல்லு எடுத்துக் குடுக்கட்டுங்களா?"

"ஒரு கல்லத் தொட்டீன்னா நடக்கறதே வேற."

"இல்லீங்ணா, பாதி..."

"பாதியாவது முழுசாவது! போயி உன் குச்சியப் பாரு போ."

மாசிலாமணி போய்த் தன் குச்சியைப் பார்த்தான்.

சுவர் ஆள் உயரம் வந்தது. அதைத் தாண்டியது. மூங்கில் உச்சியை எட்டியதும் திருமூர்த்தி கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்தான்.

இரண்டு நாள் கழித்து மூங்கில் உயர்ந்திருந்தது. மாசிலாமணி இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டியிருந்தான்.

திருமூர்த்தி கரண்டியை எடுத்தான். சுவர் உயர்ந்தது. மூங்கில் உயர்ந்தது. சுவர் உயர்ந்தது. நடுநடுவே தூண் கொடுத்தான், கம்பி கொடுத்தான். மேற்குச் சுவருக்கு வைத்திருந்த கல் அதில் போனது. வடக்குச் சுவருக்கு வைத்திருந்த கல்லும் போனது.

மறுபடி குருவிடம் ஓடினான்.

"அக்கா, அவன் எத்தனை மாடி போடறானுங்க?"

"எனக்குத் தெரிஞ்சு மாடியெல்லாம் இல்ல."

"மூங்கில் ஏறிட்டே போகுதுங்களே!"

"ஆமா. வந்து சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"துணி தொங்கிப் போச்சுன்னான்."

"எந்தத் துணிங்க?"

"மூங்கில்ல கட்டின துணி."

திருமூர்த்தி குருவின் முகத்தையே பார்த்தான். இரண்டு பேரும் ஏதோ பரிபாஷையில் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"நெஜமாச் சொல்லுங்க. அன்னைக்கு அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"அரை மூட்டை சுண்ணாம்பு."

வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனான். துணி தொங்கிப் போச்சு. துணி தொங்கிப் போச்சு. அதற்கு என்ன அர்த்தம் இருக்கும்?

எழுந்ததும் அவனுக்கு முதல் வேலை சுவர் முனையில் நின்று எட்டிப் பார்த்து மாசிலாமணியின் தகரத்தை எண்ணுவது. இருபது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி எண்ணுவான். இருபது. தன் கல்லை மட்டும் அவன் எண்ணவில்லை.

ஆனி கடைசியில் கல் தீர்ந்தது. சுவர் மூன்று ஆள் உயரம். மூங்கில் அதற்குமேல் போகவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினால் நிற்காது. ஜெயித்துவிட்டதாகத் திருமூர்த்தி நினைத்தான். ஆள் வைத்து, டவுனைப் பார்த்த பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினான்: திருமூர்த்தி மோட்டார் பட்டறை.

பட்டறைதான் இல்லை. சுவர் இருந்தது.

பொறுங்கள், பொறுங்கள். இன்னும் வரவில்லை.

ஆடி பிறந்தது. காற்றும் பிறந்தது.

மாசிலாமணி மூங்கிலைப் பிடுங்கிப் போட்டான். கோட்டுக்கு உள்ளே வரிசையாகப் பைப்பை நட்டான். பத்துத் தகரத்தைக் கூரையாகப் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கினான். இரண்டே நாள். சுவருக்கு அந்தப் பக்கம் காற்று என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. வைத்த காகிதம் வைத்த இடத்தில் இருந்தது. அவன் உட்கார்ந்து கம்பி சுற்றினான்.

சுவருக்கு இந்தப் பக்கம், மிச்சமிருந்த மணல் குவியல்மேல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திருமூர்த்தி உட்கார்ந்திருந்தான். மணல் அவன்மேல் உட்கார்ந்திருந்தது.

மொபட்டில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். சுவரில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏனுங்க, திருமூர்த்தி பட்டறைன்னு போட்டிருக்குதே, பட்டறை எங்கீங்க?"

திருமூர்த்தி வாயைத் திறந்தான். வாய் நிறைய மண். துப்பிவிட்டு நிமிர்வதற்குள் மொபட் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

சுவருக்கு அப்பாலிருந்து பேச்சு கேட்டது.

"திருமூர்த்தி பட்டறை இதுதானுங்களா?"

"சுவர் அவருதுங்க. பட்டறை என்னுதுங்க."

"யாருதா இருந்தா என்ன, காத்தே இல்லாம சொகமா இருக்குது. இதை எறக்கி வைங்க."

திருமூர்த்தி எழுந்தான். காற்றை எதிர்த்துக்கொண்டு குருவிடம் போனான்.

"அக்கா, மோசம் போயிட்டேனுங்க."

"என்ன ஆச்சு?"

"என் சுவத்தை வெச்சு அவன் பட்டறை போட்டுட்டானுங்க!"

"அவன் தகரம் உன் சுவத்தைத் தொடுதா?"

"தொடலீங்க. ஒரு விரக்கடை விட்டிருக்கான்."

"பைப்?"

"அவன் கோட்டுக்கு உள்ளாரதான் நிக்குதுங்க."

"அப்புறம் என்ன?"

"அவனுக்குக் காத்து அடிக்கலீங்களே!"

குரு கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"உனக்கு?"

"அடிக்குதுங்க."

"எத்தனை சுவருக்குக் கல்லு வெச்சிருந்த?"

"நாலுக்குங்க."

"எத்தனை கட்டின?"

"ஒண்ணு."

"அத்தனை உயரம் எதுக்கு?"

"அவன் மூங்கிலை ஏத்திட்டே போனானுங்களே!"

"நீ சுவத்தை ஏத்தினா அவன் துணிக்குக் காத்து படல. தொங்கிப் போச்சு. காத்து எங்க இருக்குதுன்னு பாக்க மூங்கிலை ஏத்தினான்."

திருமூர்த்தி ஒரு விரலை மேலே தூக்கினான். இன்னொரு கை விரலை அதற்குமேல் தூக்கினான். மறுபடி முதல் விரலை.

"அப்ப, அவன் ஏத்தினதாலதான நான் ஏத்தினேன்..."

"ஆமா."

"நான் ஏத்தினதாலதான் அவன்..."

"ஆமா."

இரண்டு விரலும் அப்படியே நின்றன.

"கல்லு தீந்து போச்சுங்க அக்கா. கூரைக்கும் வழியில்ல. நான் என்ன பண்றது?"

"ஐப்பசி மழை எந்தப் பக்கமிருந்து சாத்தும்?"

"கிழக்க இருந்துங்க."

"சுவர் உனக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்க..." திருமூர்த்தி நிறுத்தினான்.

"மாசிலாமணிகிட்ட எத்தனை தகரம்?"

"இருபது." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"கூரையில எத்தனை?"

"பத்து."

"மீதி?"

"சுவத்து முனையில சாத்தி வெச்சிருக்கான். என் பக்கமா."

"எதுக்கு உன் பக்கமா வெச்சான்?"

"தெரியலீங்க. நான் எண்ணத்தான் எண்ணினேன்."

வெளியே காற்று கதவைத் தள்ளியது. குரு கதவைச் சாத்தி ஒரு கல்லை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திருமூர்த்தி தரையைப் பார்த்தபடி இருந்தான். அவன் பார்வை மெல்ல மேசைக்கு அடியில் போனது. அங்கே ஒரு சாக்கு இருந்தது.

"அக்கா."

"சொல்லு."

"அன்னைக்கு அரை மூட்டைன்னு சொன்னீங்க."

"ஆமா."

"மீதி அரை மூட்டை எங்கீங்க?"

குரு குனிந்து சாக்கை இழுத்து அவன் முன்னால் வைத்தார். அதன்மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது.

"அவன் பக்கம் ஒரு கோடு, உன் பக்கம் ஒரு கோடு, நடுவுல ஆளுக்குப் பாதியா ஒரே சுவர். அப்படி நெனச்சு உனக்குன்னு எடுத்து வெச்சது. நீயும் நாலு மாசமா வந்துட்டுத்தான் இருக்க. இதை இன்னைக்குத்தான் கேக்கற."



திருமூர்த்தி சாக்கைப் பார்த்தான். 'இல்லீங்ணா, பாதி...' என்று ஒருத்தன் ஓடிவந்து நின்றது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அழுகிறான் என்று நினைத்துக் குரு தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

துண்டுக்குள்ளிருந்து சத்தம் மூக்கால் வந்தது. காற்று இழுத்த பம்பு செட் மாதிரி.