சுனைநீர் குடித்த சபை

வேங்கைமலைக் காட்டில் அல்லிக்குளம் வற்றிக்கொண்டிருந்தது. கோடை வந்தால் குளம் வற்றத்தான் செய்யும். ஆனால் இந்தத் தடவை அல்லிக்கொடிகள் சேற்றிலேயே படுத்துவிட்டன. மீன்கொத்தி வேறு இடம் பார்த்துப் போய்விட்டது. குளத்தை நம்பிப் பிழைக்கும் மான்களும் முயல்களும் தவளைகளும் காட்டுப்பன்றிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே தண்ணீர் குடித்தன.

அந்தக் காட்டுக்குக் காட்டெருமைதான் ராஜா. கெட்ட ராஜா இல்லை. யாரையும் முட்டாது. எதையும் தானாகத் தீர்மானிக்கவும் செய்யாது. எல்லாவற்றுக்கும் அதனிடம் ஓர் ஆலோசனைச் சபை இருந்தது. நரி அதன் தலைவர். மயிலும் உடும்பும் உறுப்பினர்கள்.

அந்தச் சபை நடக்கும் விதமே தனி. கூடுவதற்கு முன்னால் நரி ராஜாவிடம் போகும். "ராஜா மனசில் என்ன இருக்கிறதோ?" என்று பணிவாகக் கேட்கும். ராஜா சொல்லும். நரி திரும்பி வந்து சபையைக் கூட்டும். பகல் முழுக்க விவாதம் நடக்கும். மயில் ஒன்று சொல்லும். உடும்பு ஆமாம் என்று சொல்லும். மயில் தான் சொன்னதையே மறுக்கும். உடும்பு அதற்கும் ஆமாம் என்று சொல்லும். பொழுது சாய்வதற்குள் சபை ஒருமனதாக ஒரு முடிவுக்கு வரும். பார்த்தால், காலையில் ராஜாவின் மனசில் இருந்த அதே முடிவு!

"இத்தனை அறிவாளிகளும் நான் நினைத்ததையே நினைக்கிறார்கள்!" என்று ராஜா பூரித்துப்போகும்.

அந்தக் கோடையில் ராஜாவின் மனசில் இருந்தது இதுதான். பக்கத்து மலையிலிருந்து யானை ராணி விருந்துக்கு வரப்போகிறது. ராஜாவின் கீழ்ப்புல்வெளியோ காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. குளத்தின் கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் புல்வெளிக்கு ஓடும். ராணி வரும்போது புல் பச்சைப்பசேல் என்று இருக்கும்.

நரி உடனே அதற்குப் 'பசுமைத் திட்டம்' என்று பெயர் சூட்டிவிட்டது. "புல் வளர்ந்தால் காடு வளரும். காடு வளர்ந்தால் எல்லோரும் வளர்வோம்!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

குளத்தங்கரையில் கூச்சல் எழுந்தது. "எங்க குளத்தைப் பத்திப் பேசற சபையில எங்க ஆள் ஒருத்தர்கூட இல்லையே!"

"நியாயமான கேள்வி!" என்றது நரி. "ஓர் ஆளை அனுப்புங்கள். காட்டுப்பன்றியாக இருந்தால் நல்லது."

ஏன் காட்டுப்பன்றி என்று யாரும் கேட்கவில்லை. பன்றிக் கூட்டத்திலேயே வாய் நீளமானது தடிச்சி. ஆகவே தடிச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தடிச்சியின் தங்கை பூச்சி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. "அக்கா, நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வா. பாரு, என் குட்டிங்க முதுகெல்லாம் வெயில்ல வெடிச்சுக் கிடக்கு. இந்தச் சேறும் போச்சுன்னா இதுங்க தோலும் போச்சு."

"நான் போறேன்ல? அந்த நரியை ஒரு வழி பண்ணிட்டு வரேன் பாரு!" என்று சொல்லிவிட்டுத் தடிச்சி கிளம்பியது.

சபை கூடும் இடம் மலைச்சரிவில் ஒரு பாறை. மேலே நாவல் மரம் நிழல் விரித்திருந்தது. பாறை இடுக்கில் சபைக்கென்றே ஒரு சின்னச் சுனை. மேலெல்லாம் சேறு சொட்டச் சொட்டத் தடிச்சி வந்து நின்றதும் மயில் தன் தோகையைச் சுருட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது.

"வாருங்கள் அக்கா, வாருங்கள்! நீங்கள் இல்லாமல் சபையே களையிழந்து கிடந்தது!" என்றது நரி.

"களையெல்லாம் இருக்கட்டும். கரையை வெட்டிட்டா நாங்க எதைக் குடிக்கிறது? உங்க பசுமைத் திட்டத்தையா?"

"ஆமாம், அதுதானே!" என்றது உடும்பு. கடைசியாகப் பேசியவர் பக்கம் அது.

நரி கோபப்படவில்லை. "அருமையான கருத்து! சபை இதை ஆழ்ந்து பரிசீலிக்கும். ஒரே ஒரு சின்ன விஷயம் அக்கா. இங்கே ஒரு வழக்கம் உண்டு. சபை உறுப்பினர் யாரும் குளத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது."

"ஏனாம்?"

"குளத்தில் குடிக்கிறவர் குளத்துக்குத்தானே பரிந்து பேசுவார்? நடுநிலை கெட்டுவிடுமே! அதனால் நாங்கள் இந்தச் சுனையில்தான் குடிப்போம்."

தடிச்சிக்கு இதில் ஏதோ கோளாறு இருப்பதாகப் பட்டது. ஆனால் என்ன கோளாறு என்று சட்டென்று வாய்க்கு வரவில்லை. 'நடுநிலை' என்ற சொல் வேறு கேட்கக் கம்பீரமாக இருந்தது. போதாக்குறைக்கு, ஏறி வந்த களைப்பில் நாக்கு வறண்டிருந்தது. மூக்கைச் சுனையில் வைத்தது. அடடா! என்ன குளிர்ச்சி! தவளை நாற்றம் கொஞ்சம்கூட இல்லை. சுனையை ஒட்டி, புரளுவதற்கு வாகாகக் களிமண்ணைக் குழைத்து ஒரு குழியும் தயாராக இருந்தது.

முதலில் தடிச்சி தினமும் குளத்தங்கரைக்குப் போய்ச் செய்தி சொல்லிவந்தது. பிறகு எப்போதாவது போனது. இந்த வெயிலில் மலை இறங்கி ஏறுவதென்றால் சும்மாவா? அதற்குள் அதன் பேச்சும் மாறிவிட்டது.

"என்னக்கா ஆச்சு? கரையை வெட்டறதை நிறுத்தியாச்சா?" என்று ஒருநாள் பூச்சி கேட்டது.

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசற விஷயமாடி இது? இதுக்குப் பல கோணம் இருக்கு."

"கோணமா? குட்டிக்குத் தோல் உரியுது அக்கா!"

"உன் ஒருத்தி கஷ்டத்தை வெச்சுக் காடு முழுசுக்கும் கொள்கை வகுக்க முடியுமா?"

பூச்சி அக்காளை ஏற இறங்கப் பார்த்தது. "உன் மேல சேறு நல்லா ஈரமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குட்டிகளிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு தடிச்சி அந்தப் பக்கமே போகவில்லை.

முடிவெடுக்கும் நாள் வந்தது. தடிச்சி களிமண் குழியில் சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது. கண்கள் சொருகின.

"கரையை முழுவதுமாக வெட்டுவதா? கூடவே கூடாது!" என்று நரி முழங்கியது. "நம் அக்கா சொன்ன கருத்தை ஏற்று, ஓரமாக, ஒரு பன்றி நுழையும் அளவுக்கு மட்டும் வெட்டலாம். அக்காவுக்குச் சம்மதம்தானே?"

தன் கருத்துக்கு எத்தனை மரியாதை! தடிச்சிக்கு உச்சி குளிர்ந்தது. சின்ன ஓட்டையானால் குளம் மெதுவாகக் காலியாகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அப்போது அதற்குத் தோன்றவே இல்லை. "ம்" என்றது. முடிவு ஒருமனதாக நிறைவேறியது.

முடிவைக் கேட்க வந்த ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பேஷ்! அது சரி, கரை காய்ந்து கல்லாகக் கிடக்கிறதே. யார் வெட்டுவது?"

மயில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டது. உடும்பு மரத்தைப் பார்த்தது. நரி மட்டும் தடிச்சியைப் பார்த்துச் சிரித்தது.

"அப்படிப்பட்ட மண்ணைப் பிளக்கும் மூக்கு இந்தக் காட்டில் ஒரே கூட்டத்துக்குத்தானே இருக்கிறது ராஜா? வேறு யார் வெட்டினாலும் குளத்தார் சண்டைக்கு வருவார்கள். அக்காவும் அக்காவின் சொந்தக்காரர்களும் வெட்டினால் யார் வாயைத் திறக்க முடியும்?"

தடிச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் நீளம் என்று ஊர் தன்னை அனுப்பியது. மூக்கு நீளம் என்று நரி தன்னை எடுத்துக்கொண்டது! ஆனாலும் ராஜாவின் முன்னால் தலையை ஆட்டியது. ஒப்புக்கொண்டாகிவிட்டதே.

மறுநாள் காலையில் அது கரைமேல் போய் நின்றது. கீழே பார்த்தது. குளம் பாதிக்குமேல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் மிஞ்சியிருந்த தண்ணீர் கலங்கிக் கிடந்தது. கரையோரம் கொஞ்சம்போல ஈரச்சேறு. அதில் எல்லாக் குட்டிகளுக்கும் இடமில்லை. ஒன்று எழுந்தால்தான் இன்னொன்று படுக்கலாம். ஒரு குட்டியின் முதுகில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னக்கா இந்தப் பக்கம்? வழி தவறி வந்துட்டியா?" என்றது பூச்சி.

"கரையில இந்த இடத்துல வெட்டணும். சபை முடிவு."

"சபைன்னா யாரு?"

தடிச்சி வாயைத் திறந்தது. நரி என்று சொல்லலாம். மயில் என்று சொல்லலாம்.

"நான்தான்" என்றது கடைசியில்.

பூச்சி திட்டவில்லை. அழவும் இல்லை. "சரி, தோண்டு. இதுங்களை அந்தண்டை நகர்த்திடறேன். தண்ணி ஓடறப்போ அடிச்சுட்டுப் போயிடப் போகுது" என்று சொல்லிவிட்டுக் குட்டிகளை ஒவ்வொன்றாக ஈரத்திலிருந்து எழுப்பத் தொடங்கியது. குட்டிகள் எழுந்திருக்க மாட்டோம் என்று கத்தின.

தடிச்சி மூக்கைக் கரையில் வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு விறுவிறு என்று சரிவில் இறங்கி, குளத்துத் தண்ணீரில் வாயை வைத்தது. வெதுவெதுப்பு. செத்த மீன் வாடை. நறநற என்று பல்லில் மணல். "த்தூ!" என்று துப்பியது. பிறகு பிடிவாதமாக வயிறு முட்டக் குடித்தது. கரையேறி நின்று கத்தியது.

"தோண்ட மாட்டேன்!"

நரி ஓடி வந்தது. "அக்கா! நீங்களே ஒப்புக்கொண்ட முடிவு!"

"ஒப்புக்கிட்டேன். சுனையில குடிச்சுட்டு ஒப்புக்கிட்டேன். இப்ப குளத்துல குடிச்சுட்டேன்."

"அப்படியானால் உங்கள் நடுநிலை போயிற்று! பதவியும் போயிற்று!"

"போகட்டும். மூக்கு என்கிட்டத்தானே இருக்கு!"

பன்றிக் கூட்டம் முழுவதும் வந்து தடிச்சிக்குப் பின்னால் நின்றது. ஒரு பன்றிகூடத் தோண்டுவதாக இல்லை. கூச்சல் கேட்டு ராஜாவே வந்துவிட்டது.

"என்ன கலாட்டா இது? என் சபை ஒருமனதாகச் சொன்ன முடிவு!"

"உங்க சபை கெட்டிக்கார சபைதான் ராஜா. நான் இல்லைன்னு சொல்லலை" என்றது தடிச்சி. "இன்னொரு தடவை இங்கே, இந்தக் கரையில கூட்டுங்க. இனிமே மழை வர்ற வரைக்கும் சபைக்கும் குடிக்க இந்தத் தண்ணிதான். இதைக் குடிச்சப்புறமும் வெட்டணும்னு சொன்னாங்கன்னா, நானே முதல் ஆளா வெட்டறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "அதற்கென்ன? எங்கே உட்கார்ந்தாலும் என் சபை என் சபைதான்! கூட்டுங்கள்!"

சபை கரையில் கூடியது. நிழல் இல்லை. மயிலின் தோகை சேற்றில் ஒட்டிக்கொண்டது.

"பசுமைத் திட்டத்தின் நன்மைகளை மயில் இப்போது எடுத்துரைக்கும்" என்று நரி தொடங்கியது.

"முதலில் தண்ணீர்" என்றது மயில். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சிலுப்பியது. "சீச்சீ! இதையா குடிக்கிறீர்கள்?"

"இன்னிக்குப் பரவாயில்லை. நேத்துதான் கொஞ்சம் நாத்தம்" என்றது பூச்சி.

விவாதம் சூடு பிடிக்கவில்லை. வெயில்தான் பிடித்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் உடும்பு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னது.

"கரையை வெட்டினால் நாளைக்கு நாம் எதைக் குடிப்பது?"

"அதுதானே!" என்றது மயில். "கரையை எதற்குத் தோண்ட வேண்டும்? குளத்தின் நடுவைத் தோண்டினால் நல்ல ஊற்றுத் தண்ணீராவது கிடைக்கும்!"

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரியின் நாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அது ராஜாவைப் பார்த்தது. குளத்தைப் பார்த்தது. "என் கருத்தும் அதுவே" என்றது. முடிவு ஒருமனதாக நிறைவேறியது.

ராஜா திகைத்து நின்றது. அதே நரி, அதே மயில், அதே உடும்பு! ஆனால் யாருமே அது நினைத்ததை நினைக்கவில்லை. அதற்கு இது புதிது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நடுவிலேயே தோண்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

பன்றிகள் குளத்தின் நடுவைத் தோண்டின. ஊற்று கசிந்தது. பெருக்கெடுத்து ஓடவில்லை. ஆனால் மழை வரும்வரை எல்லோருக்கும் தாங்கியது. குட்டிகளுக்கும் படுக்கச் சேறு கிடைத்தது. யானை ராணி வந்தது. காய்ந்த புல்வெளியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அதன் மலையிலும் கோடைதானே! குளம் தோண்டியது தன் யோசனை என்று ராஜா அதனிடம் சொல்லிக்கொண்டது. நரி அதற்கு 'ஊற்றுத் திட்டம்' என்று புதுப்பெயர் சூட்டியது.

தடிச்சிக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. அது கேட்கவும் இல்லை. பூச்சி மட்டும் வெகுநாள்வரை, "நகரு அக்கா, குட்டிக்கு இடம் விடு" என்பதைத் தவிர அதனிடம் வேறொன்றும் பேசவில்லை.

பிறர் தாகத்துக்கு ஆலோசனை சொல்ல உட்காருகிறவர், அவர்கள் குடிக்கும் தண்ணீரைத் தாமும் குடித்துப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.