ஏஜென்ட் கேட்காத கேள்வி

"ஞாபகம் கொடுத்தேன். புத்தி வரலைங்க சித்தரே" என்றாள் பூங்கோதை.

சித்தர் என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். நிஜப் பெயர் ஹிதாயத். பூங்கோதையைவிட வயதில் சின்னவன். பேசினால் வரி கட்டவேண்டும் என்பதுபோல் வாயைத் திறக்கமாட்டான். ஆனாலும் அந்தக் கோயமுத்தூர் கம்பெனியில் யாருக்கு எது சிக்கினாலும் அவனிடம்தான் ஓடுவார்கள்.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"நம்ம ஏஜென்ட்டுக்குத்தான்."

ஏஜென்ட் என்பது ஆள் இல்லை. சொன்னால் புரோகிராம் எழுதித் தரும் ஏஐ. கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவே கிடையாது. ஒரே சங்கடம், நேற்று செய்த வேலை இன்று அதற்குத் தெரியாது. தினமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாதிரி வந்து நிற்கும். பூங்கோதையும் முதலிலிருந்து பாடம் எடுப்பாள்.

எத்தனை நாளைக்கு எடுப்பாள்? நினைவுக்கென்று ஒரு ஃபைல் திறந்தாள். நான் சொல்வதையெல்லாம் இதில் எழுதி வை, தினமும் படித்துவிட்டு வேலையைத் தொடங்கு என்றாள். அதுவும் தட்டாமல் செய்தது. அப்பாடா என்று இருந்தாள்.

இன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று முறை போடுவது இவர்களுடைய சாஃப்ட்வேர்தான். அவசரமாக வருகிறவருக்கு உடனே மெஷின் கிடைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். பூங்கோதை ஏஜென்ட்டிடம் சொன்னாள். அது எழுதித் தந்தது. விளைவு, ஒரே மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறி ஊருக்குப் போன மனுஷன், மூச்சு வாங்கி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். இப்போது ஐசியூவில் கிடக்கிறார்.

"நாளைக்கான முறைப் பட்டியல் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகோணும். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா இன்னொருத்தருக்கும் இதே கதிதான்."

"என்ன பண்ணப் போறீங்கக்கா?"

"அந்த ஞாபகத்தை மொத்தமா அழிச்சுப் போடலாம்னு பாக்கறேன். அழிக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

ஹிதாயத் எழுந்து அவள் இடத்துக்கு வந்தான். ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தான்.

"இப்ப நான்தான் ஏஜென்ட். இதைப் படிச்சாச்சு. வேலை சொல்லுங்க."

"ஏனுங்க, விளையாடற நேரமா இது?"

அவன் அசையாமல் நின்றான்.

பூங்கோதைக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், "முதல்ல அந்த ஜன்னலோர நாற்காலில போய் உக்காருங்க" என்றாள்.

போனான். உட்கார்ந்தான்.

"ஐயோ!" என்று ஒரு அலறல் கேட்டது.

ஜன்னலோர நாற்காலியில் கூட வேலை பார்க்கும் தியாகு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மடிமேல் ஹிதாயத், கையைக் கட்டிக்கொண்டு. காபி இரண்டு பேர் சட்டையிலும். ஆபீஸே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

"டேய், எந்திரிடா!" என்று கத்தினான் தியாகு.

ஹிதாயத் எழவில்லை. "உக்காரச் சொன்னது அவங்க" என்றான்.

பூங்கோதை ஓடி வந்தாள். "அங்க ஆள் இருக்கறது கண்ணுக்குத் தெரியுதில்ல? உக்காரட்டுமா, வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

ஹிதாயத் எழுந்தான். அவளுடைய கம்ப்யூட்டருக்குப் போய், ஃபைலில் ஒரு வரிமேல் விரலை வைத்தான்.

'என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. சொன்னதை மட்டும் செய்யவேண்டும்.'

இதை யார் எழுதியது என்று கேட்க வாயெடுத்தவள், அப்படியே விழுங்கினாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து வேலை பார்த்த நாள் அது. பிள்ளை மடியில் அனத்திக்கொண்டு கிடந்தது. ஏஜென்ட்டோ இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக் குடைந்தது. எரிச்சலில் என்னத்தையோ தட்டிவிட்டாள். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அவளுக்கு எரிச்சலும் விட்டது. தட்டியதையும் மறந்துபோனாள். ஏஜென்ட் மட்டும் அதை ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டது.

வெட்கமாக இருந்தது. ஐசியூவில் கிடக்கிற பெரியவரை நினைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். ஹிதாயத் சட்டையைக் கழுவப் போயிருந்தான்.

அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். ஏஜென்ட்டைப் புதிதாகத் திறந்தாள். அன்றைக்குக் கொடுத்த அதே வேலையை, அதே வார்த்தைகளில் மறுபடி கொடுத்தாள். அவசரமாக வருகிறவருக்கு உடனே ஒரு மெஷின் ஒதுக்கு.

ஏஜென்ட் ஃபைலைப் படித்தது. புரோகிராமில் கை வைக்கவில்லை.

"எல்லா மெஷினிலும் ஏற்கெனவே ஆள் இருந்தால், யாரைக் காத்திருக்கச் சொல்லவேண்டும்?" என்று கேட்டது.

அது பூங்கோதைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.