தோகைக்குப் பின்னால்

“கழுத்து நேரா இருக்கணும்,” என்றது மயில். “பார்வை என் கொண்டையில இருக்கணும். அலகு மூடியே இருக்கணும்.”

ஆட்காட்டி கழுத்தை நேராக்கியது. கொண்டையைப் பார்த்தது. அலகை மூடியது. ஆனால் மூடிய அலகுக்குள் ஒரு கத்தல் முட்டிக்கொண்டு நின்றது. மயிலின் நீண்ட தோகைக்கு அடியில் பழுப்பாக ஒரு வால் தெரிந்தது. அது மயிலுடையது அல்ல.

மயில் இரண்டு அடி நகர்ந்தது. தோகையும் நகர்ந்தது. தோகைக்கு அடியில் நான்கு குட்டைக் கால்களும் நகர்ந்தன.

ஆட்காட்டி கத்திவிட்டது. அந்தப் பறவை கத்தினால் குளத்தின் அக்கரையில் தூங்கும் ஆமைகூட விழித்துக்கொள்ளும். மயில் திடுக்கிட்டுத் துள்ளியது.

“யாரைப் பார்த்துக் கத்துறே?”

“சார், கீரி. உங்களுக்குப் பின்னாடி.”

மயில் திரும்பிப் பார்த்தது. மயில் திரும்பினால் தோகையும் கூடவே சுற்றிவரும். தோகையோடு கீரியும் சுற்றிவந்தது. மயிலின் கண்ணுக்கு வெறும் கரைதான் தெரிந்தது.

“எங்கே?”

“உங்க தோகைக்கு அடியில, சார்.”

“என் தோகையில எத்தனை கண்ணு இருக்கு தெரியுமா? அத்தனை கண்ணுக்கும் தெரியாதது உன் ரெண்டு கண்ணுக்குத் தெரிஞ்சுதாக்கும்.” மயில் இறகைக் கோதிவிட்டுக்கொண்டது. “ஆய்வு நேரத்துல சத்தம் போட்டது முதல் தப்பு. எழுதிக்கிறேன். இன்னொரு தடவை வாயைத் திறந்தா, மேட்டைக் காலி பண்ணிடணும்.”

மேடு என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்காட்டியின் அலகு தானாக மூடிக்கொண்டது.

குளத்தைச் சுற்றி எல்லாம் சேறு. கரையின் மேல் அந்த ஒரு மேடுதான் காய்ந்து கிடந்தது. காவல் வேலையில் இருக்கும்வரை காவலர்கள் அங்கே முட்டையிட்டுக்கொள்ளலாம் என்பது மயில் நிறுவனத்தின் ஏற்பாடு. ஆட்காட்டி அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டையைத் தூக்கிக்கொண்டு போக எந்த ஆட்காட்டிக்கும் வழியில்லை. குஞ்சு பொரித்துவிட்டால் கவலையில்லை. அன்றைக்கே எழுந்து தாயின் பின்னால் ஓடிவிடும். அதுவரை வேலை வேண்டும்.

அந்தக் குளம் நாமக்கோழிகளுடையது. கோரைக்குள் இருந்த அவற்றின் கூடுகளில் கீரி கைவைக்கிறது என்று அவை ஒரு காவல் நிறுவனத்தைத் தேடின. மயில் வந்தது. பேசுவதற்கு முன் தோகையை விரித்தது. நாமக்கோழிகள் வெகுநேரம் பார்த்தன. கீரியைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்விகள் எல்லாம் மறந்துபோயின. அன்றைக்கே காவல் ஒப்பந்தம் முடிந்தது.

மயில் வந்த புதிதில் கீரிக்குக் கஷ்டகாலம்தான். எந்தப் பக்கம் தலையை நீட்டினாலும் ஆட்காட்டி கத்தியது. பிறகுதான் மயில் ஆய்வு என்பதை ஆரம்பித்தது. ஆய்வு நேரத்தில் காவலர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரே கொண்டையைப் பார்ப்பதைக் கீரி புதருக்குள்ளிருந்து கவனித்தது. அதற்குப் பிறகு அது வேறு நேரத்தில் வந்து அலையவில்லை. ஆய்வுக்கு ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததும் இல்லை.

மயில் போனதும் ஆட்காட்டி பக்கத்துக் காவலரான கொக்கிடம் கேட்டது.

“அண்ணே, நீங்களும் பார்த்தீங்கதானே?”

“பார்த்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“தங்கச்சி, எனக்கு நிக்கிற வேலை,” என்றது கொக்கு. அது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் மூன்று மயிலிறகுகள் செருகியிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்துக்கான சிறந்த காவலர் பரிசு. “பாக்கிற வேலைன்னு என்கிட்ட யாரும் சொல்லலை.”

“கூடு காலியாகுதே அண்ணே.”

“ஆகுது. நீ கத்தினே. என்ன கிடைச்சுது? நான் நின்னேன். இறகு கிடைச்சுது.” கொக்கு காலை மாற்றிக்கொண்டது. “குஞ்சு பொரிக்கிறவரைக்கும் கொண்டையைப் பாரு. நல்ல கொண்டைதானே?”

ஆட்காட்டி அதற்குப் பிறகு கொண்டையைப் பார்த்தது. கூடுகள் காலியாகிக்கொண்டே வந்தன.

நாமக்கோழிகளின் தலைவி மயிலைப் பார்க்க வந்தது.

“முட்டை தங்க மாட்டேங்குது. நீங்க இருக்கும்போதே இப்படியா?”

“ஆய்வு போதலை, மேடம்,” என்றது மயில். “நாளையிலிருந்து ரெண்டு.”

இரண்டு ஆய்வு நடந்தது. கூடுகள் இரு மடங்கு வேகத்தில் காலியாகின. மயில் மூன்றாக்கியது. கீரிக்கு வயிறு தொங்கிவிட்டது. “பாவம், ஒரு நாளைக்கு மூணு சுத்து நடக்கிறாரு,” என்று அது மனைவியிடம் சொன்னது. “உடம்பு என்னத்துக்கு ஆகும்?” மயிலின் ஆரோக்கியத்தில் அந்தக் குளத்தில் உண்மையான அக்கறை காட்டியது கீரி ஒன்றுதான்.

தலைவி மறுபடி வந்தது. மயில் அறிக்கையை வாசித்துக் காட்டியது. “சம்பவம் எதுவும் இல்லை.”

“என் கூட்டுல ஒரே ஒரு முட்டைதான் மிச்சம்.”

“அது இழப்பு, மேடம். சம்பவம்னா காவலர் சத்தம் கொடுத்திருக்கணும். முன்னாடி ஒரு நாளைக்கு நாலு தடவை சத்தம் வரும். இப்ப பாருங்க, எவ்வளவு அமைதி.”

தலைவி காது கொடுத்துக் கேட்டது. அமைதியாகத்தான் இருந்தது.

“நாளைக்கு நீங்க எல்லாரும் கரைக்கு வந்து ஆய்வை நேர்லயே பாருங்க,” என்றது மயில். “பாத்துட்டு ஒப்பந்தம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.”

மறுநாள் நாமக்கோழிகள் கூடுகளை விட்டுவிட்டுக் கரையில் வரிசையாக நின்றன. ஆட்காட்டி தன் இடத்தில் நின்றது. இன்னும் மூன்று நாள். காலையில் முட்டை ஒன்றில் காதை வைத்துக் கேட்டிருந்தது. உள்ளே ஒரு சின்னத் தட்டல்.

மயில் நடந்து வந்தது. காவலர்கள் விறைத்தார்கள். நாமக்கோழிகள் தலையாட்டி ரசித்தன. தோகை கோரையை உரசிக்கொண்டு போனது. தலைவியின் கூட்டருகே ஒரு கணம் தேங்கிவிட்டு மறுபடி நகர்ந்தது.

மயில் ஆட்காட்டிக்கு முன்னால் வந்து நின்றது. தோகையின் ஓரத்தில் கீரியின் மூக்கு எட்டிப் பார்த்தது. அதன் வாயில் முட்டை இருந்தது.

“கொண்டையைப் பாரும்மா,” என்று முட்டையின் ஓரமாகக் கீரி முணுமுணுத்தது.

ஆட்காட்டி கொண்டையைப் பார்த்தது. கொண்டைக்கு மேலே தன் மேடு தெரிந்தது. பக்கத்தில் தலைவி நின்றிருந்தது. தன் காவலர்கள் இவ்வளவு விறைப்பாக நிற்கிறார்களே என்ற பூரிப்பு அதன் முகத்தில் இருந்தது. தன் கூடு காலியானது அதற்கு இன்னும் தெரியாது.

ஆட்காட்டி கத்தியது. ஒரு தடவை கத்தி நிறுத்தவில்லை. காற்றில் எழும்பி, கீரியின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

மயிலுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அதற்குத் தோகை விரிந்துவிடும். விரிந்தது. திரை தூக்கியதுபோல ஆனது. அத்தனை நாமக்கோழிகளுக்கும் நடுவில் முட்டையும் வாயுமாகக் கீரி நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒழுங்கு எதுவும் இல்லை. நாமக்கோழிகள் மொத்தமாகப் பாய்ந்து கொத்தின. கீரி முட்டையைச் சேற்றில் போட்டுவிட்டு, தொங்கும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. முட்டை உடையவில்லை. தலைவி அதை அலகால் உருட்டி உருட்டிக் கூட்டில் சேர்த்தது.

மயில் எல்லாம் அடங்கும்வரை காத்திருந்தது. பிறகு தொண்டையைச் செருமியது.

“பாத்தீங்களா? ஆய்வுன்னா இதுதான்.”

நாமக்கோழிகள் யோசித்தன. ஆய்வு நடந்தது, கீரி பிடிபட்டது. இரண்டும் கண்ணால் பார்த்தவை. அவை சிறகு தட்டின. ஒப்பந்தம் நீண்டது. பக்கத்துக் குளத்தையும் மயிலிடமே விடுவது என்று முடிவானது. இத்தனை கூச்சலிலும் அசையாமல் நின்ற ஒரே காவலர் என்று கொக்குக்கு நான்காவது இறகு கிடைத்தது.

ஆட்காட்டிக்கு வேலை போனது. இரண்டாவது முறை வாய் திறந்ததற்கு விதி அப்படித்தான் சொன்னது. வேலைநீக்கத்தை வாயால் சொல்வது நிறுவனத்தின் வழக்கமில்லை. மயில் ஒரு தாமரை இலையில் ஆணையைக் கீறிக் கொக்கிடம் கொடுத்தது. “மேட்டுல கொண்டுபோய்க் கொடு. கையில கிடைச்ச உடனே அவ காலி பண்ணணும்.”

மேடு இருபது அடி தூரத்தில் இருந்தது. கொக்கு இலையைக் கவ்விக்கொண்டு கிளம்பியது. ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை ஊன்றுவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் வழியில் வெயிலுக்காக நின்றது. அதற்கடுத்த நாள் காற்றுக்காக நின்றது. சிறந்த காவலர் நிற்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதற்கும் மறுநாள் மத்தியானம் அது மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இலை சருகாகியிருந்தது. நான்கு குஞ்சுகள் கூழாங்கற்களின் மேல் தடுக்கித் தடுக்கி ஓடிக்கொண்டிருந்தன.

“கொஞ்சம் நின்னுட்டேன் தங்கச்சி,” என்றது கொக்கு.

ஆட்காட்டி இலையைப் பார்த்தது. கொக்கைப் பார்த்தது.

“வர்றேன் அண்ணே.”

அது அக்கரையை நோக்கி நடந்தது. பின்னால் நான்கும் ஓடின.

அந்த நேரத்தில் குளக்கரையில் மயிலுக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. மயில் தலைமைப் பண்பு பற்றிப் பேசியது. காவலர்கள் அதன் கொண்டையைப் பார்த்தபடி நின்றார்கள்.

காவலர்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று விரும்பும் தலைவன், திருடனுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு நடக்கிறான்.

முன்வரிசையில் இருந்த நாமக்கோழித் தலைவி சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. புதுக் கூட்டுக்குக் கோரைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி அலகில் கவ்விக்கொண்டு, புதிதாகப் பொரித்த ஒற்றைக் குஞ்சு பின்னால் வர, ஆட்காட்டி போன கரையை நோக்கி நீந்தியது.