கூட்டிப் பெருக்கிய கோழிக்கொட்டில்

கேளுங்கள் பெரியவர்களே, நீங்களும் பக்கத்தில் வந்து கேளுங்கள் பிள்ளைகளே. மலையடிவாரத்தில் முந்நூற்று அறுபது வீடுகள் மட்டுமே கொண்ட ஒரு சின்ன நாடு இருந்தது. அதை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டான். அவன் கெட்டவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் பிறக்கும் நாளில் வீட்டுக்கு ஒரு கோழி கொடுப்பது அவன் வழக்கம். அந்த நாட்டு ஏழைகளுக்கு முட்டைதான் பால், முட்டைதான் பருப்பு, முட்டைதான் மருந்து.

அரண்மனைக்குப் பின்னால் ஒன்பது கொட்டில்கள். கொட்டிலுக்கு நாற்பது கோழிகள். அவற்றை வளர்த்தவள் ஒச்சாயி. கூச்சக்காரி. நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்கமாட்டாள். ஆனால் எண்ணுவதில் அவள் தவறியதே இல்லை.

விடிந்ததும் துடைப்பத்தோடு கொட்டிலுக்குள் போவாள். உடனே கூட்டமாட்டாள். முதலில் குந்தி உட்கார்ந்து எச்சத்தைப் பார்ப்பாள். கெட்டியாய்ப் பழுப்பாய், உச்சியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் வெள்ளையாய் இருந்தால் கோழிக்குச் சுகம். பத்தில் ஒன்று கறுத்துக் களியாய் நாறும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பச்சையும் வெள்ளையுமாய் நீர்த்துக் கிடந்தால்தான் பயம். அதற்குப் பேர் வெள்ளைக் கழிச்சல். அது ஒரு கோழியோடு நிற்பதில்லை.

தை பிறக்க ஐந்து நாள் இருந்தபோது, ஏழாவது கொட்டிலில் அப்படி ஓர் எச்சத்தைக் கண்டாள். அன்றைக்கே தன் மகள் பேச்சிக்கு ஆள் விட்டுச் சொன்னாள்: "நான் இனி வீட்டுக்கு வரமாட்டேன். என் கால்ல ஒட்டிக்கிட்டே நோய் வந்துடும். நம்ம ஆறு கோழியையும் வெளியே விடாதே." அவள் வீட்டில் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. பேச்சி நிறைமாதக்காரி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க அந்த முட்டைகளைத்தான் ஒச்சாயி நம்பியிருந்தாள்.

பிறகு அரண்மனைக் காரியக்காரர் தாண்டவராயரிடம் போய், கைகட்டி நின்று சொன்னாள்.

"என்ன ஒச்சாயி, கோழி உனக்கு ஓலை எழுதிப் போட்டிருக்கா?" என்றார் அவர். "நல்ல நாள் நெருங்குது. வாயைக் கழுவிட்டுப் போ."

இரண்டாம் நாள் ஐந்து எச்சம் கண்டாள். அரண்மனை வைத்தியரிடம் போனாள்.

"நான் கையைப் பிடிச்சு நாடி பார்க்கிறவன். நீ எதைப் பார்த்து என்கிட்ட வந்திருக்கே?" என்று மூக்கைப் பொத்தினார் வைத்தியர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் பதினேழு. ஏழாவது கொட்டிலில் பதினொன்று, எட்டாவதில் ஆறு. ஒச்சாயி ஓர் எச்சத்தைப் பூவரச இலையில் எடுத்து, இன்னோர் இலையால் மூடி, தன் வாழ்நாளில் முதல்முறையாக அரசன் முன்னால் போய் நின்றாள். இலையைத் திறந்தாள். சபை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அரசன் கோபப்படவில்லை. கொட்டிலுக்கே நடந்து வந்தான். ஒரு கை கம்புத் தானியத்தை அள்ளி வீசினான். நாற்பது கோழிகளும் ஓடி வந்து கொத்தின. கொண்டைகள் சிவப்பாக இருந்தன, இறகுகள் பளபளத்தன.

"நோய்க்கோழி இப்படித் தின்னுமா?" என்றான்.

"தின்னும் மகாராசா. சோர்ந்து நின்னா மத்தது கொத்திக் கொன்னுடும்னு கடைசி நாள்வரைக்கும் மறைக்கும். எச்சத்தைத்தான் அதால மறைக்க முடியாது." அவள் குரல் முன்னால் நின்ற மூன்று பேருக்குத்தான் கேட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

"பத்து நாள் பொறுங்க மகாராசா."

"ஆகாது. தை பிறக்கிறது."

"அஞ்சு நாள்."

"ஆகாது."

"ஏழையும் எட்டையும் மட்டுமாவது நிறுத்தி வைங்க."

"நிறுத்தினால் எண்பது வீட்டுக்குக் கோழி இல்லை. எந்த எண்பது வீடு ஒச்சாயி? நீயே சொல்."

ஒச்சாயிக்கு எண்ணத் தெரியும். ஒரு வீட்டைச் சுட்டி இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

"நல்ல நாளில் இந்த அசிங்கம் யார் கண்ணிலும் படக் கூடாது," என்றான் அரசன். மறுநாள் விடியுமுன்னே ஆட்கள் வந்தார்கள். ஒன்பது கொட்டிலையும் ஒரே துடைப்பத்தால் கூட்டினார்கள், உமி பரப்பினார்கள், மஞ்சள் நீர் தெளித்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒச்சாயி வழக்கம்போல் குந்தி உட்கார்ந்தாள். எண்ணுவதற்கு அவள் முன்னால் ஒன்றும் இல்லை.

தை பிறந்தது. மேளத்தோடு முந்நூற்று அறுபது கோழிகளும் முந்நூற்று அறுபது வீடுகளுக்குப் போயின.

நான்காம் நாள் அவை தலை தொங்கின. ஏழாம் நாள் செத்தன. பன்னிரண்டாம் நாளுக்குள், அந்தந்த வீட்டில் முன்பே இருந்த கோழிகளும் செத்தன. பதின்மூன்றாம் நாள் காலை அந்த நாட்டில் ஒரு சேவல்கூடக் கூவவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் சனங்கள் எழுந்தார்கள்.

ஒச்சாயி அன்றுதான் வீட்டுக்குப் போனாள். வாசலில் ஆறு குழிகளைத் தேடினாள். ஏழு இருந்தன.

"அரண்மனை ஆளுங்க கொண்டாந்து விட்டாங்கம்மா," என்றாள் பேச்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நானே மஞ்சள் வச்சு வாங்கி உள்ளே விட்டேன். வளர்த்தவ நீ. நீ பார்த்துத்தானே அனுப்பியிருப்பேன்னு நினைச்சேன்."

ஒச்சாயி ஏழாவது குழியின் முன்னால் குந்தினாள். மற்ற வீடுகளுக்காகக் கெஞ்சியபோது, தன் வீடும் அந்தக் கணக்கில் ஒன்று என்பதை அவள் எண்ணாமல் விட்டிருந்தாள். அவள் எண்ணத் தவறியது அந்த ஒருமுறைதான்.

அவள் திரும்பிப் போய் ஏழாவது கொட்டிலில் உட்கார்ந்தாள். மாலையில் அரசன் தனியாக வந்தான். மேளம் இல்லை, குடை இல்லை. அவள் பக்கத்தில் அவனும் தரையில் குந்தினான்.

"காட்டு ஒச்சாயி. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்டு. இனி நானே பார்க்கிறேன்."

ஒச்சாயி கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். உமி கலையாமல் கிடந்தது.

"பார்க்க ஒண்ணும் இல்லே மகாராசா," என்றாள். "தரை சுத்தமா இருக்கு."

ஆகவே, பார்க்க அருவருப்பாக இருக்கிறதென்று உண்மையைக் கூட்டித் தள்ளுகிறவன், தன்னை நம்பியிருப்பவர்களையும் அதோடு சேர்த்தே கூட்டித் தள்ளுகிறான்.